வலது கதவுக்கு ஒரு பூட்டு

எங்கள் குட்டி விமானத்துக்கு இரண்டு கதவு, ஒரே ஒரு பூட்டு. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இடது கதவில் மட்டும்தான் சாவித்துளை. வலது கதவுக்கு உள்ளேயிருந்து கொண்டி போட்டுவிட்டு, இருக்கையைத் தாண்டி இடது பக்கமாக இறங்க வேண்டும். எந்தப் புத்திசாலி யோசித்த யோசனையோ!

எனக்கு அது ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. கஷ்டப்பட்டவன் நாதன். இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய வண்டி அது. எனக்கு ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை. அவன் டத்தோ கிராமாட்டில் குடியிருந்த வாத்தியார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கடைக்கு வந்து, மீன் தலைக் கறி ஊற்றி ஒரு பிடி பிடித்துவிட்டு, "கெளம்புடா ஹபீபு" என்பான்.

நான் இடது பக்கம், அவன் வலது பக்கம். தரைக்கு வந்ததும் முதலில் நான் இறங்குவேன். அவன் வலது கொண்டியைப் போட்டு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு, முக்கி முனகி என் இருக்கைமேல் ஊர்ந்து வருவான். வரும்போதே கத்துவான்: "டேய், பூட்டிராத, ஆள் இருக்கு!" ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். அவன் தரையில் கால் வைத்ததும், பாரம் குறைந்த வண்டி இரண்டு விரல் உயரம் எழும்பி ஆடி நிற்கும். நான் சிரிப்பேன், அவன் திட்டுவான்.

போன மழைக்காலத்தில், வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டான் பாவி. சவப்பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தனியாகப் பறந்தேன். வலது கதவை யாரும் தொடுவதில்லை, கொண்டி போட்டபடியே கிடக்கும். நான் இறங்குவேன், இடது கதவைப் பூட்டுவேன், போய்விடுவேன். மறுநாள் காலையில் பார்த்தால் வலது கதவு ஆவென்று திறந்து கிடக்கும். உள்ளே ஒரு பொருளும் காணாமல் போயிருக்காது. நான் பறக்காத வாரங்களில் கதவு திறப்பதும் இல்லை.

விமானம் நிறுத்தும் ஹேங்கரைப் பார்த்துக்கொள்ளும் நோர்மா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இது ஏர்போர்ட், பாசார் இல்லலா. இன்னொரு தடவ கதவு தொறந்து கெடந்துச்சுன்னா எடத்தக் காலி பண்ணிருங்க."

வேறு எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? விற்க வேண்டியதுதான். என் மனைவி நூர் பீவிக்கு அதுவே சாக்காகப் போயிற்று. "வித்துத் தொலைங்க. அந்த வண்டிய நெனச்சாலே பயமா இருக்கு" என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாதனோடு இருந்த இடம் என்று எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதானே!

ஆனால் எனக்கும் பயம்தான். அவன்தான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான் என்று நினைத்தேன். பிஸ்மி சொல்லாமல் நான் அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை.

பாகான் டாலாமிலிருந்து மெக்கானிக் சுலைமானை வரவழைத்தேன்.

"ஒரு கார் பூட்ட வாங்கி அடிச்சு விட்ரு தம்பி."

"இது கெரேத்தா இல்லண்ணே, பிளேன். இந்த வண்டிக்குன்னு அனுமதிச்ச பூட்டுதான் போடணும்."

அது வந்து சேரும்வரை நான் பறக்கவில்லை. வந்ததும் கதவுத் தகட்டில் துளை போட்டுப் பொருத்தினான். "கொண்டியவே புடிச்சுக்கும், எடது பக்கம் மாதிரியே. வெளிய பூட்டிட்டா உள்ளேருந்தும் தெறக்க முடியாது" என்றான்.

அன்று சாயங்காலமே ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து, இரண்டு கதவையும் பூட்டினேன். வாடா பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வலது கதவு திறந்து கிடக்கவில்லை. நோர்மா சிரித்த முகமாகப் போனாள். ஆனால் வண்டி வலது பக்கம் சாய்ந்து நின்றது. வலது கண்ணாடியின் உட்புறம் முழுக்க ஆவி படிந்திருந்தது, வாயை வைத்து ஊதினாற்போல.

வேலையைச் சரிபார்க்க வந்த சுலைமானும் சாய்வைக் கவனித்தான். "டயர்ல காத்து கொறஞ்சிருக்கும்ணே, அப்புறம் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, புதுப் பூட்டை உள்ளேயிருந்து பார்க்க இடது பக்கமாக ஏறிப் போனான். நான் ஏதோ யோசனையில் இடது கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பிவிட்டேன். தனியாக இறங்கி இறங்கிப் பழகிய கை. இரண்டு எட்டு நடந்திருப்பேன், உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

"அண்ணே! பூட்டிராதீங்க, ஆள் இருக்கு!"

நாதன் கத்தும் அதே வார்த்தை. அட அல்லாவே, என்ன காரியம் செய்திருக்கிறேன்! நாதன் உள்ளே வரவில்லை. என்னோடு பறந்துவிட்டு, இறங்கத்தான் பார்த்திருக்கிறான். அவன் ஊர்ந்து வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் நான் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன். வேறு வழியில்லாமல் வலது பக்கமாக இறங்கியிருக்கிறான். நேற்று அதையும் அடைத்துவிட்டேன். இரவு முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

ஓடிப் போய் இடது கதவைத் திறந்தேன். சுலைமான் முனகிக்கொண்டே இறங்கினான். வண்டி சற்று எழும்பியது, ஆனால் சாய்வு போகவில்லை. அவன் காற்றழுத்தம் பார்க்க வலது டயர்ப் பக்கம் போனான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

"எறங்குடா நாதா. நான் பூட்டல. மெதுவா வா."

இருக்கை கிரீச்சென்றது. வண்டி இரண்டு விரல் உயரம் எழும்பி, ஆடி, நேராக நின்றது.

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்று அந்தப் பக்கமிருந்து சுலைமான் குரல் கொடுத்தான். "நீங்களா ஏறி எறங்குனீங்க?"

"ஆமாம்பா" என்றேன்.

அதற்குப் பிறகு வலது கதவு ஒருநாளும் திறந்து கிடந்ததில்லை. நோர்மாவும் இடத்தைக் காலி பண்ணச் சொல்வதில்லை. பறந்துவிட்டு வந்தால் முதலில் நான் இறங்குவேன். இடது கதவைப் பிடித்தபடி நிற்பேன். வண்டி எழும்பி நின்ற பிறகுதான் சாவியைத் திருப்புவேன். தொந்திக்காரன், கொஞ்சம் நேரம் எடுக்கும்.