குடியிருப்பதற்கு அடையாளம்

சுற்றுலா வருபவர்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விட நகராட்சியின் அனுமதி வேண்டும். உரிமையாளரும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. தையல்காரிக்கு அதில் கவலையே இல்லை. அவளும் எலெக்ட்ரீஷியன் கணவனும் அங்கேதானே கிடக்கிறார்கள்! சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன் வேறு எங்கே போவான்? அனுமதி இல்லையென்றால் விருந்தினர் இல்லை. விருந்தினர் இல்லையென்றால் அடுத்த மாதம் கடனுக்காக வீடு வங்கிக்குப் போய்விடும்.

அதனால் அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டைத் தேய்த்துத் தள்ளினாள். தையல் மெஷின் நாத்தனார் வீட்டுக்குப் போனது. கல்யாணப் படம், மருந்து டப்பா, தேய்ந்த செருப்பு எல்லாம் பரண்மேல் ஏறின. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று யார் கண்டார்கள்?

அதிகாரி பொறுமைசாலி. அதுதான் பயமாக இருந்தது. குளியலறையில் உறை பிரிக்காத சோப்பைப் பார்த்தார். அலமாரியில் வெறும் ஹேங்கர்களைப் பார்த்தார்.

"ஏம்மா, ஹோட்டல் மாதிரியில்ல இருக்கு? நீங்க இங்க குடியிருக்கீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

அவள் பரணைக் கை காட்டினாள். "ஐயோ சார், நீங்க வர்றீங்கன்னுதான் எல்லாத்தையும் ஒழிச்சு வச்சேன்! பரண்ல இருக்கு, பாருங்க."

"பழைய சாமான் யார் வீட்டுப் பரண்லயும் இருக்கும். நீங்க படுக்கிற இடத்தைக் காட்டுங்க, போதும்."

இரண்டு அறையும் விருந்தினருக்கு. வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைத் திறந்தாள். கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய். அதில் எலெக்ட்ரீஷியன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனை மட்டும் அவளால் பரணில் ஏற்ற முடியவில்லை.

"ஜன்னலே இல்லையேம்மா. சிலிண்டர் வேற. இதுல ஆள் படுத்தா வீட்டுக்கே சீல் வைக்கணும்."

"ரூமை விருந்தினருக்குன்னு ஒதுக்கின நாள்லேர்ந்து இங்கதான படுக்கிறோம் சார், ஒண்ணும் ஆகலையே!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னல் வச்சிடுறேன் சார்."

"அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். எங்க வைப்பீங்க?" அதிகாரி பேனாவைத் திறந்தார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தாலாவது அவள் சண்டை போட்டிருப்பாள். "குடியிருக்கலைன்னு எழுதினா அனுமதி கிடையாது. இங்க படுக்கிறீங்கன்னு எழுதினா இன்னைக்கே வீட்டைப் பூட்டணும். எதை எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

எலெக்ட்ரீஷியன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வலியில் முகம் கோணியது. தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"நாங்க இங்க இல்ல சார்," என்றான். "அப்படியே எழுதிக்குங்க."

அதிகாரி எழுதி, தாளை அவளிடம் நீட்டினார். 'உரிமையாளர் குடியிருக்கவில்லை' என்ற வரிக்குக் கீழே, சொந்த வீட்டில் நின்றுகொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.