படத்துக்கு வைத்த பேர்

1931 மாசியில் கூடலூர்ச் சந்தைத் திடலில் படக் கொட்டகை போட்டார்கள். பேசாத படம். பிரெஞ்சு தேசத்து நாவலை வைத்து எடுத்த ஹாஸ்யம், வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று தமுக்கடித்துக்கொண்டு போனான் ஒருவன். நடுநடுவே வரும் எழுத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்லை. அதனால் திரைக்குப் பக்கத்தில் பெஞ்சுமேல் ஏறிப் பொன்னுராஜ் கதை சொல்வான். அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது. படத்தைப் பார்த்துப் பார்த்து அவனாகக் கட்டிக்கொண்ட கதை அது.

ஆற்றில் செத்தான் என்று எல்லாரும் நம்பிய ஒருவன், தன் பெண்டாட்டிக்கு மறுகல்யாணம் நடக்கிற அன்று வந்து சேர்கிறான். அலமாரிக்குள் ஒளிகிறான். மாப்பிள்ளையின் கால்சட்டையைத் திருடுகிறான். விருந்தைத் தின்கிறான்.

வெள்ளைக்காரப் பேரைச் சொன்னால் சனம் சிரிக்காது. ஆகவே பொன்னுராஜ் போகிற ஊரிலெல்லாம் பகலில் காப்பிக் கடையில் உட்கார்ந்து, "இங்கன காணாமப் போனவன் யாரும் உண்டாய்யா?" என்று கேட்பான். சாயங்காலம் அந்தப் பேர் படத்தில் வரும்.

கூடலூரில் பேர் கொடுத்தவன் மொக்கைச்சாமி. "கருத்தக்கண்ணன்னு வையி. மலைக்கு, ஏலக்காத் தோட்டத்துக்குப் போனான். ஆளக் காணோம்."

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. கருத்தக்கண்ணன் மலைக்காய்ச்சலில் செத்துப்போக, கூட வேலை பார்த்தவர்களே அங்கே புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி சோணையம்மாளை மொக்கைச்சாமி பெண் கேட்டுப் போய், இல்லையென்று திரும்பியிருந்தான். புருஷன் செத்தவள் அறுத்துக்கட்டுவது, மறுதாலி ஏற்பது, அந்தச் சனத்தில் வழக்கம்தான். சங்கிலி என்பவனுக்குப் பேசி, வருகிற புதன்கிழமை தாலி கட்டுவதாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் பொன்னுராஜ் தொண்டையைத் திறந்தான். "வாரான் பாரு கருத்தக்கண்ணன்! செத்தான்னு சொன்னவக வாயில மண்ணு!"

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது.

"ஏலே சங்கிலி, வேட்டிய இறுக்கிக் கட்டு! உருவிருவான்!" என்று ஒருவன் கத்தினான்.

சங்கிலியும் சிரித்தான். "வரட்டும்யா. பந்தியில அவனுக்கும் ஒரு எலை போட்டாப் போச்சு."

பெண்கள் பக்கமிருந்து சோணையம்மாள் எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்தாள். பொன்னுராஜ் கரியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"நீருதேன் கத சொல்றவரா?"

"ஆமாத்தா."

"கருத்தக்கண்ணன் எம் புருசன். செத்துப்போனாக."

அவன் வாயிலிருந்ததைத் துப்பினான். "சத்தியமாத் தெரியாது தாயி. பேரு குடுத்தாக, வச்சேன்."

"எங்க மாமியா விடிஞ்சதுலருந்து வாசல்ல நிக்கிது. எம் மகன் உசுரோடதேன் இருக்கான், படத்துலயே காமிச்சுட்டாக, அத்துக்கட்டப்பிடாதுன்னு ஒரே கூப்பாடு. இன்னைக்கும் அதே சனந்தேன் வரும். செத்துட்டாகன்னு சொல்லிரும்."

"படத்துல நடமாடுறானே ஆத்தா. நான் எப்பிடிச் சொல்ல?"

"வாயிருக்குல்ல ஒமக்கு."

அன்று சாயங்காலம் பொன்னுராஜ் எடுத்த எடுப்பில் சொன்னான்: "கருத்தக்கண்ணன் செத்துட்டான்யா. மண்ணுக்குள்ள போயிட்டான்." அதே நேரம் திரையில் அவன் கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, பல்லைக் காட்டினான்.

"பொய்யி சொல்றான்டா! அங்கன நின்னு திங்கிறான் பாரு!"

கொட்டாங்கச்சி ஒன்று பறந்து வந்து தோளில் விழுந்தது. இன்னொன்று பறந்து வருமுன் பொன்னுராஜின் வாயில் தானாக ஒரு பேச்சு வந்துவிட்டது: "அது ஆளு இல்லய்யா! பேயி! செத்தவன் பேயா வாரான்!"

சொன்ன பிறகு எல்லாம் பொருந்தியது. அலமாரி தானாகத் திறந்தது, கால்சட்டை தானாக நகர்ந்தது, கல்யாணப் பெண் மயங்கி விழுந்தாள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் அவன் குரலை நடுங்கவிட்டு நன்றாகவே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகள் அழுதன. அலமாரிக்காரன் மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்து உலுக்குகிற இடம் வந்தது. மற்ற ஊர்களில் சனம் புரண்டு சிரித்த இடம் அது. சங்கிலி எழுந்து, பெண்கள் பக்கம் பார்க்காமல் வெளியேறினான்.

உயிரோடு ஒருவன் வந்திருந்தால் சங்கிலி அவனோடு பேசியிருப்பான், அடித்திருப்பான். பந்துக்கள் வாய்க்கரிசி போடாமல் மலையில் செத்தவனை என்ன செய்வது? தன் அண்ணன் கோட்டைச்சாமியிடம் பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பினான்: "அவ மேல இருக்குற பேய ஓட்டட்டும். பெறகு பாப்போம்."

படக் கொட்டகை கம்பம் ஊருக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பேயோட்டுகிற கோடாங்கி வந்தான். உடுக்கையை அடித்து, சோணையம்மாளின் முடியைப் பிடித்துக் கேட்டான்.

"யாரு நீ?"

"சோணையம்மா."

சாட்டை விழுந்தது.

"பேரச் சொல்லு!"

"சோணையம்மாய்யா. எனக்கு ஒண்ணும் இல்லைய்யா."

சாட்டையோடு சேர்த்து அடித்த வேப்பங்குலை நைந்து போயிற்று. முதுகில் ரவிக்கை கிழிந்து ஒட்டிக்கொண்டது. மாமியார் எதிரே உட்கார்ந்து, "அய்யா, வாய்யா, பேசுய்யா" என்று மகனைக் கூப்பிட்டாள். மறுபடி சாட்டை ஓங்கியபோது சோணையம்மாள் தலையைத் தொங்கப்போட்டாள். குரலைக் கட்டையாக்கினாள்.

"கருத்தக்கண்ணன்."

"என்ன வேணும் ஒனக்கு?"

"ஒண்ணும் வேணாம். இவளச் சங்கிலிக்குக் கட்டிக் குடுத்துருங்க. நான் போறேன்."

இவ்வளவு நியாயமாகப் பேசிய பேயைக் கோடாங்கி பார்த்ததில்லை. பேய் இறங்கிவிட்டதென்று அவள் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தார்கள். அவள் அப்பன் சங்கிலி வீட்டுக்கு ஓடினான்.

வாசலில் கோட்டைச்சாமிதான் நின்றான். சங்கிலி குமுளிக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டிருந்தான்.

"பேயி போயிருச்சுப்பா. அதுவே சொல்லிருச்சு, கட்டிக் குடுங்கன்னு."

"கேட்டேன்" என்றான் கோட்டைச்சாமி. "புருசன் கொரல்லயே பேசுனாளாம்ல. பெறகு எந்தம்பி அவகூட எப்பிடிய்யா படுப்பான்?"