ஓர் ஊதுபத்தி நேரம்

என் வகுப்பில் யார் விதியை மீறினாலும் தண்டனை ஒன்றுதான். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பேன். அது எரிந்து முடியும்வரை முட்டிகளை உள்ளே ஒடுக்கி, கால்களைப் பாதி மடக்கி நிற்க வேண்டும். மூத்த மாணவி பக்கத்தில் நின்று ஊதுபத்தியைக் கவனிப்பாள். பொய் சொன்னவள், சின்னப் பிள்ளையைக் கிள்ளியவள், எல்லோரும் நின்றிருக்கிறார்கள். நான் நின்றதில்லை. மாஸ்டரை நிற்கவைக்க ஆள் ஏது?

ஜெயங்கொண்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு விங் சுன் சொல்லித்தருகிறேன். சீனத்துச் சண்டைக்கலை. சேருகிற அன்றே அதன் பிறப்பைச் சொல்லிவிடுவேன். எரிந்துபோன மடத்திலிருந்து தப்பி வந்த ஒரு துறவி அம்மா. கடைக்காரர் ஒருவரின் மகள். அவளை மிரட்டிக் கட்டிக்கொள்ளப் பார்த்த ஒரு ரவுடி. துறவி அவளுக்குக் கலையைக் கற்றுக்கொடுத்தாள். “என்னை ஜெயித்தால் கட்டிக்கொள்” என்றாள் அந்தப் பெண். அவன் மண்ணைக் கவ்வினான். அவள் பெயரே கலையின் பெயரானது. நடந்ததா, கட்டிவிட்டதா, யாருக்கும் தெரியாது. நான் என்னவோ பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவள்போலச் சொல்வேன்.

பிறகு சுவரில் எழுதிய விதிகளை உரக்கப் படிக்கவைப்பேன். மெலிந்தவர் பக்கம் நில். கற்றுத்தந்தவரைப் பழிக்காதே. இப்படி ஐந்து.

சுவர் குருநாதனுடையது. முந்திரிக்கொட்டை போட்டுவைக்கும் கொட்டகையைச் சாயங்காலங்களில் எனக்குச் சும்மாவே விட்டிருந்தார். அவருடைய அக்கா மகள் இலக்கியாதான் என் மூத்த மாணவி. பிளஸ் டூ படிக்கிறாள். ஐப்பசியில் இருவருக்கும் நிச்சயம் வைத்தார்கள். அவளுக்குப் பதினேழு, அவருக்கு முப்பத்திரண்டு. எனக்கு முன்பே தெரியும். குடும்ப விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தட்டு மாற்றுகிற நேரத்தில் இலக்கியா எழுந்து, “என்னைய ஜெயிச்சா கட்டிக்குங்க மாமா” என்றிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்திருக்கிறார். அடுத்த நொடி ஜமுக்காளத்தில் மல்லாந்து கிடந்தாராம்.

மறுநாள் அவள் அம்மா புவனேஸ்வரி மகளை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பின்னால் குருநாதன், கையில் கொட்டகைச் சாவி.

“வூடு நெறைய சனம். மானத்த வாங்கிட்டா. கேட்டா நீங்க சொன்ன கதையாம்ல? அது நெசமா, நீங்களே சொல்லுங்க” என்றார் புவனேஸ்வரி.

இலக்கியா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. மாஸ்டர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் இருந்தது. நான் சாவியைப் பார்த்தேன்.

“சும்மா கதைதாங்க்கா” என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். “மாமாகிட்ட மன்னிப்பு கேட்டுக்க இலக்கியா. பெரியவங்க நல்லதுக்குத்தான் செய்வாங்க” என்றும் சொன்னேன். சொன்ன வாயை இன்றைக்கும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் வலது முஷ்டியை இடது உள்ளங்கையால் மூடி, வகுப்பு முடியும்போது செய்வதுபோல எனக்கு வணக்கம் வைத்தாள். யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. போய்விட்டாள்.

அந்த வாரமே குருநாதன் கொட்டகையைப் பூட்டிவிட்டார். எதைக் காப்பாற்ற அப்படிப் பேசினேனோ அதுவும் போனது. மிச்சமிருந்த ஒன்பது பிள்ளைகளோடு வகுப்பை ஏரிக்கரைக்கு மாற்றினேன்.

கல்யாண ஏற்பாடு மட்டும் நிற்கவில்லை. நான்கு நாள் இருக்கும்போது இலக்கியா தானே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தாள். அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அதிகாரி அம்மா அவளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். கையில் ஒரு சால்வை.

“இவ்ளோ தைரியம் எங்கேருந்தும்மா வந்துச்சுன்னு கேட்டேன். எங்க மாஸ்டர் குடுத்ததுன்னு சொன்னா. உங்கள நேர்ல பாக்கணும்னு தோணுச்சுங்க.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன்.

வகுப்பு முடியும்வரை இருக்கட்டும் என்று இலக்கியாவை விட்டுவிட்டு அவர் போனதும், “ஏன்டி அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“கற்றுத்தந்தவரைப் பழிக்காதேன்னு நீங்கதான மாஸ்டர் படிக்க வச்சீங்க?”

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சால்வையைக் கழற்றி ஸ்கூட்டியின்மேல் போட்டேன். பையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்து மண்ணில் குத்திக் கொளுத்தினேன்.

“யாருக்கு மாஸ்டர்?” என்றாள் எல்லோரிலும் சின்னவளான கவியா.

“எனக்குத்தான். கொட்டகை போயிடுமோன்னு இலக்கியாவ விட்டுக்குடுத்துட்டேன். அவ பக்கம் நிக்கல.”

முட்டிகளை ஒடுக்கி நின்றேன். சீக்கிரமே தொடை நடுங்கத் தொடங்கியது. இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளை இப்படி நிற்கவைத்துவிட்டு டீ குடித்திருக்கிறேன். கவியா அழுதாள். “போதும் மாஸ்டர், உக்காருங்க.” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெட்கம்கெட்ட மனசு அதற்குத்தான் காத்திருந்தது. அனுமதி கேட்பதுபோல இலக்கியாவைப் பார்த்தேன்.

அவள் தன் வழக்கமான இடத்துக்கு, ஊதுபத்தியின் பக்கத்தில், வந்து நின்றிருந்தாள். குனிந்து பார்த்தாள்.

“இன்னும் பாதி இருக்கு மாஸ்டர்” என்றாள்.