ஐம்பது மீட்டரில் சொர்ணலட்சுமி

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் சண்முகவேலுக்கு எதை வாங்கினாலும் பெரிதாக வாங்க வேண்டும். ரைபிள் கிளப்பில் சேர்ந்த மறுவாரமே வெளிநாட்டு ஏர் ரைபிளும், முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்கோப்பும் வரவழைத்துவிட்டார். ஸ்கோப்பில் திருகுவதற்கு மட்டும் ஏழு இடங்கள். எதைத் திருகினால் என்ன ஆகும் என்பது செய்தவனுக்கே வெளிச்சம்.

கூடவே சேர்ந்த மனைவி சொர்ணலட்சுமியிடம், “உனக்கும் இதே மாதிரி ஒண்ணு சொல்லிருவமா?” என்றார்.

“அம்பது மீட்டர்ல இருக்க தாளைப் பாக்கவா, இல்ல நிலாவைப் பாக்கவா? சும்மா இருங்க.”

பயிற்சியாளர் வள்ளித்தாய் அவளிடம் சொன்னது ரொம்பச் சுருக்கம். “ஆரம்பத்துல துப்பாக்கி சுமாரா இருந்தாப் போதும்க்கா. ஆடாத சின்ன ஸ்கோப்பு ஒண்ணு. மிச்சத்துக்கெல்லாம் குண்டு வாங்குங்க. சுட்டாத்தான் கை வரும்.”

அப்படியே செய்தாள். துப்பாக்கியைத் தாங்கப் பழைய ஜீன்ஸ் காலில் மணலைக் கொட்டித் தைத்தாள். இலக்குத் தாளுக்கு அச்சகத்தில் வீணாகிப்போன தாள்கள் மலைபோல் கிடந்தன. வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு தாளின் மூலையிலும் வட்டமும் கூட்டல் குறியுமாக ஒரு ரிஜிஸ்டர் மார்க் இருக்கும். இருபது வருஷமாக லென்ஸ் வைத்து அவள் பார்த்துவரும் குறி. தினமும் காலையில் மண்மேட்டின் முன் தாளை மாட்டி அதையே சுட்டாள்.

மதுரைப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஓர் ஆசையா என்ற வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. ஆளுக்கு இரண்டு தாள், தாளுக்கு ஐந்து குண்டு. சண்முகவேலுக்கு முதல் தாளில் இருபத்தொன்பது. அடுத்ததில் எதையோ திருகித் தொலைத்தார், பதினொன்று. மொத்தம் நாற்பது. மற்ற யாரும் அதைத் தாண்டவில்லை.

சொர்ணலட்சுமியின் முதல் தாளை எடுத்துவந்த வள்ளித்தாய் முழித்தாள். “அக்கா, பூஜ்யம்.”

கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சொர்ணலட்சுமி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் மூலையைப் பார்த்தார்கள். அவர்கள் அச்சகத்திலேயே அவசரமாக அடித்து, ஓரம் வெட்டாமல் அனுப்பிய தாள் அது. ரிஜிஸ்டர் மார்க் இருந்த இடத்தில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக இறங்கியிருந்தன. பழக்கதோஷத்தில் கண் நேராக அங்கேதான் போயிருக்கிறது.

சண்முகவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பூஜ்யத்தை எம்புட்டுக் கச்சிதமா வாங்கியிருக்கா பாருங்க! அந்த இடத்தை அவளுக்கே குடுத்துருங்கம்மா.”

“பாவம் பாத்துக் குடுக்குறது எனக்கு வேணாம். அடுத்த தாளை மாட்டச் சொல்லுங்க.”

சண்முகவேலே கத்தரியை வாங்கி அடுத்த தாளின் நான்கு மூலைகளையும் நறுக்கிக் கொடுத்தார். சொர்ணலட்சுமி மூச்சை அடக்கி ஐந்தையும் சுட்டாள்.

வள்ளித்தாய் தாளைப் பார்த்து வாசித்தாள். “பத்து. எட்டு. ஒன்பது. ஏழு.” ஜெயிக்க இன்னும் ஏழு வேண்டும். “கடைசி... ஒன்பது! நாப்பத்து மூணு!”

தோற்றுப்போன சண்முகவேல் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டு மயில்கள் பறந்தன. சொர்ணலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“எனக்கு இது ரொம்ப ஆசைங்க.”

“அட, முன்னாலயே சொல்லியிருந்தா நான் போட்டிக்கே நின்னிருக்க மாட்டேனே!”

“அதான் சொல்லல.”