நாலு கிலோமீட்டர்ல நின்னுடற பத்மினி

"காயில் தான்யா போயிருக்கு! சூடானா நிக்குது, ஆறுனா ஓடுது. இதுக்கு மேல இன்னா அத்தாட்சி வோணும் உனக்கு?"

"ரெண்டு காயில் மாத்திட்ட அப்பாவு. மூணாவதையும் வாங்கு, மாலையா கோத்து போட்டுக்கலாம்."

"நீ மட்டும்? கார்பரேட்டர நாலு தபா கழட்டி கழுவிட்டியே பாய். என் பேரனக் கூட நான் அவ்ளோ தபா குளிப்பாட்டல."

டீ வாங்கிட்டு திரும்பறேன், ரோட்டு முனை வரைக்கும் கேக்குது. பட்டாபிராம் ஷெட்டு. மெக்கானிக் ஹாஜா மொய்தீன் பாயும் எலக்ட்ரீஷியன் அப்பாவுவும் பதினஞ்சு நாளா இப்படித் தான். பாய்க்கு பெட்ரோல் வர்ற கார்பரேட்டர் மேல சந்தேகம், அப்பாவுக்கு கரண்ட் குடுக்கற காயில் மேல. நடுவுல என் வண்டி, பானெட்ட தொறந்துகிட்டு நிக்குது. 86 மாடல் பிரீமியர் பத்மினி கார்.

வண்டியோட கோளாறு இது தான். காலைல ஒரே கிராங்க்ல ஸ்டார்ட் ஆகும். நாலு கிலோமீட்டர் நல்லா போகும். அப்புறம் இழுக்காது, திணறும், நின்னுடும். கால் மணி நேரம் ஓரமா நின்னா தானா சரியாயிடும். மறுபடி நாலு கிலோமீட்டர்.

எனக்கு என்ன அவசரம்னா, திருமுல்லைவாயில்ல எங்க அபார்ட்மென்ட்ல தீர்மானம் போட்டுட்டாங்க. ஓடாத வண்டிக்கு பார்க்கிங் கிடையாது. செக்ரட்டரி அகல்யா, ஐடில வேலை பாக்கற பொண்ணு, மரியாதையா தான் சொன்னாங்க.

"அங்கிள், எனக்கும் கஷ்டமா தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் ஆவடி வரைக்கும் போயிட்டு வந்து நிறுத்துங்க. இல்லன்னா எடுத்துடணும்."

எடுத்துட்டு எங்க போறது? வேற இடம் இல்ல. வித்துத் தான் ஆகணும். வீடு, லோன், பசங்க படிப்பு எல்லாம் குடும்பத்துக்குன்னு செஞ்சது. எனக்குன்னு ஆசப்பட்டு வாங்கினது இது ஒண்ணு தான்.

வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் ஏத்திகிட்டு ஒரு சுத்து போனேன். நெமிலிச்சேரி ஸ்டேஷன் கிட்ட வழக்கம் போல நின்னுடுச்சு. பெட்ரோல் முள்ளு வேலை செய்யாது, அதனால குச்சி விட்டுப் பாக்கலாம்னு டேங்க் மூடிய தொறந்தேன். புஸ்ஸுனு ஒரு சத்தம். காத்த உள்ள இழுத்துது.

ஹாஜா பாய் ஓடி வந்தார். "மூடிய குடுங்க அண்ணே." திருப்பித் திருப்பிப் பாத்தார், நகத்தால சொரண்டினார். "இது இன்னா?"

சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வெச்சது. வருஷா வருஷம் ஸ்டீரிங், பானெட், நாலு டயருக்கு வெப்பேன். இந்த வருஷம் நல்லா ஓடணும்னு மூடிக்கும் சேத்து கெட்டியா அப்பினேன், நடுவுல குங்குமம். அது காஞ்சு, மூடில இருக்கற ஊசி ஓட்டைய அடச்சிடுச்சு. பெட்ரோல் காலியாக ஆக உள்ள காத்து போகணும். போகலன்னா பெட்ரோல் வெளிய வராது. யோசிச்சா, பூஜை முடிஞ்ச வாரம் தான் முதல்ல நின்னுது.

அப்பாவு தலைல கை வெச்சுகிட்டார். "சாமி பேர்ல நீயே மூக்க அடச்சிட்டு, எங்க ரெண்டு பேரையும் மோத வுட்டுட்டியே அண்ணாத்தே!"

"அண்ணே, அடுத்த வருஷம் பொட்ட உங்க நெத்தில வெச்சுக்குங்க. வண்டிய வுட்டுடுங்க," ன்னார் பாய்.

ஊக்கு விட்டு ஓட்டைய தொறந்தோம். வண்டி ஓடுச்சு.

ஞாயித்துக்கிழமை ஆவடி போயிட்டு நிக்காம திரும்பினேன். நிம்மதியா இருந்துது. எங்க கேட்டுல வாட்ச்மேன் பூட்டு தொறக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு காத்திருந்தேன். ஐட்லிங், அதாவது நின்ன எடத்துல இன்ஜின் ஓடற வேகம், ஏறி ஏறி எறங்குச்சு, குலுங்குச்சு, நின்னுடுச்சு. மறுபடி ஸ்டார்ட் ஆகல. கமிட்டி மொத்தமும் பாத்துகிட்டு இருக்கு. நாலு பேர் தள்ளித் தான் உள்ள போனேன்.

"ஓடுச்சு அங்கிள், ஒத்துக்கறேன். ஆனா தள்ளித் தானே உள்ள வந்துச்சு?" ன்னாங்க அகல்யா. ஒரே ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க.

இப்ப நிலைமை இது. வண்டி சூடாகாத வரைக்கும் ஐட்லிங் சீரா இருக்கு. சூடானதும் எறங்குது. ஐட்லிங் ஸ்க்ரூவ அரை சுத்து ஏத்தினா சூட்டுல பரவால்ல, ஆனா காலைல இன்ஜின் கத்துது. கார்பரேட்டர் அடியில காத்து கசியாம அடைக்கற கேஸ்கெட் பழசு. பெட்ரோல் எத்தனால் கலந்தது. பெட்ரோல் பம்பு மாத்தல. எனக்கு வயசு அம்பத்தாறு, உண்மையிலேயே அலுத்துப் போச்சு.

பழைய பெட்ரோல் வண்டி வெச்சிருக்கவங்க, இதே தொந்தரவு பட்டவங்க, நீங்க முதல்ல எத மாத்தினீங்க, எதுல சரியாச்சுன்னு கீழ எழுதுங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் போடுங்க, ப்ளீஸ்.

— மனோகரன்