ஸ்பெஷல் வாசல்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ராட்டினம் நட்டபோது ஊரே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தது. யுத்தம் முடிந்து வந்த முதல் நோன்புப் பெருநாள் அது. கடல் ஊருக்குள் வந்து போனதிலிருந்து அந்த மணலில் பிள்ளைகளைக் கால் வைக்க விடாத தாய்மார்கூட, புதுச்சட்டை போட்ட பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சந்தோஷப்படுவதற்கும் பழக்கம் வேண்டும். பழக்கம் விட்டுப்போன சனம் முதல் நாள் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனது. அடுத்த நாள்தான் முண்டியடித்தது.

முண்டியடித்த சனத்தை ஒழுங்குபடுத்த ராட்டின முதலாளி சப்ரி தேடிப் பிடித்த ஆள் ஸலாஹுதீன். முதலாளி குருநாகல் பக்கத்து மனுஷன். இந்த ஊரில் யார் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள் என்று தேநீர்க் கடையில் விசாரித்திருக்கிறார். இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்களாம். அதைக் கேட்ட அன்று ஸலாஹுதீனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அது சும்மா வந்த பெயரும் இல்லை. சுனாமிக்குப் பிறகு, பள்ளிக்கூடத்து முகாமுக்குத் தண்ணீர் சுமந்த பவுசர் லொறி வந்தால் அடிபிடிதான். பலமுள்ளவன் நிரப்புவான், புருஷனைப் பறிகொடுத்தவள் வெறுங்குடத்தோடு திரும்புவாள். ஸலாஹுதீன்தான் கம்பு எடுக்காமல், கத்திப் பேசாமல், ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். ஆள் நிற்கத் தேவையில்லை, கேன் நிற்கட்டும். கேன் வைத்த இடம் வைத்தவருடைய இடம். தொழப் போகலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாம், திரும்பி வரும்போது கேன் அங்கேயே இருக்கும். பெரிய மனிதர் ஒருவரின் கேனை முன்னால் கொண்டுபோய் வைத்த ஆளைக்கொண்டே அதைத் திரும்பத் தூக்கவைத்தான். முகாம் போய் வீட்டுத் திட்டம் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அந்த வழக்கம் அப்படியே இருந்தது.

ராட்டினத்துக்கும் அதே மூளையைப் பாவித்தான். பள்ளிவாசல் நிபந்தனைப்படி பின்னேர அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து சூரியன் மறையும் மஃரிப் பாங்கு வரை பெண்களும் சிறுபிள்ளைகளும் மட்டும் ஏறலாம். பாங்கு சொன்னால் ராட்டினம் நிற்கும்; பிறகு ஆண்களின் நேரம். அந்தச் சின்னப் பின்னேரத்தையும் பெண்கள் வெயிலில், பத்துப் பேர் பார்க்க, வரிசையில் நின்று கழிப்பதா? அட்டைத் துண்டுகளில் இலக்கம் போட்டுக் கொடுத்தான். டோக்கனை வாங்கிக்கொண்டு, படங்குத் துணி கட்டி மறைத்த நிழலுக்குள் போய் உட்காரலாம். முறை வரும்போது ஒலிபெருக்கியில் கூப்பிடுவான். மூன்றாம் நாள் ஒரு சண்டை இல்லை, ஒரு முறைப்பாடு இல்லை. பெண்கள் கடலை கொறித்துக்கொண்டு, ஊர்க்கதை கதைத்துக்கொண்டு, கூப்பிட்டபோது எழுந்து வந்தார்கள்.

கடைசி நாள் சுல்பிகா வந்தாள். வீட்டுத் திட்டத்தில் ஸலாஹுதீனின் வீட்டுக்கு அடுத்த குறுக்குத் தெருவில் இருப்பவள். மருதமுனைக்குப் போய்த் தறியடித்துப் பிள்ளையை வளர்க்கிறாள். புருஷன் கடலோடு போனவன், அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. மகள் றிஸ்னா அவளுடைய கையில் தொங்கிக்கொண்டு நின்றாள்.

"நான் இந்தக் கடப்பக்கம் வாறதே இல்ல நானா. இவள் ரெண்டு நாளா ஒரே அழுகை. இண்டைக்கு மட்டுந்தான் கூட்டி வந்திரிக்கன், மறுகா ஒரு நாளும் வரமாட்டன். ஏத்திருவீங்க தானே?"

"டோக்கன் கையில இரிக்கி, மறுகா என்ன பயம்? போய் நிழல்ல இரிங்க. பாங்குக்கு முன்னம் ஏத்துவன்."

றிஸ்னா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, மேல போனா கடலுக்கு அங்கால தெரியுமா? வாப்பா அங்காலதான் எண்டு உம்மா சொன்னவ."

"தெரியும் மகள்," என்றான் ஸலாஹுதீன்.

அவள் போன கையோடு சப்ரி முதலாளி வந்து அவனுடைய தோளில் கை போட்டார். டோக்கன் நல்ல வேலைதானாம். ஆனால் கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வாகனம் பிடித்து வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்களாம், திரும்பிப் போய்விடுகிறார்களாம். கடல் பக்கமாக இன்னொரு வாசல் வைப்போம், மூன்று மடங்கு கொடுக்கிறவர்கள் அதன் வழியாக நேரே ஏறட்டும்.

"யாரையும் தள்ளிவிடப் போறதில்லையே தம்பி. ஒரு சுத்துக்கு ஒரு தொட்டில் மட்டும். விருப்பமானவங்க தரட்டுமே. உங்க வீட்டு ஆக்கள் வந்தா அவங்களுக்குக் காசே வேணாம், நேரா அனுப்புங்க."

ஏலாது என்று ஸலாஹுதீன் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு ஊரில் ஒன்றும் தட்டுப்பாடு இல்லை. ஆனால் முதலாளி கடைசியாகச் சொன்னது போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது. அன்று பின்னேரம் அவன் மனைவி ஸம்ஸியாவின் ராத்தா, அவளுக்கு மூத்தவள், அக்கரைப்பற்றிலிருந்து பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அதில் குறைச்சல் இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வாய்த்து, ஒருவனுக்கு அக்கரைப்பற்றில் அரிசி ஆலையும் தனி வீடும் மற்றவனுக்கு வெறும் நல்ல பெயரும் இருந்தால்தான் குறைச்சல். மூத்த மருமகன் வந்தால் மாமி அலுமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பை எடுப்பா. ஸலாஹுதீனுக்கு எந்த நாளும் ஒரே கோப்பைதான்.

கடல் பக்கத்தில் சங்கிலி போட்டு ஸ்பெஷல் வாசல் திறந்தார்கள். ஒரு தொட்டில் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. வாகனங்கள் வர வர அரை ராட்டினமே அந்தப் பக்கத்து ஆட்களால் நிரம்பியது. ஸலாஹுதீன் ஒலிபெருக்கியில் இடையிடையே ஓரிரு இலக்கத்தைக் கூப்பிட்டான். ராட்டினத்தை ஓட்டுகிற காரைதீவுக்காரன் குணம் இரண்டு தரம் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன், டோக்கன் ஆக்கள் முடிஞ்சிதோ?"

"வருவாங்க, வருவாங்க. நீ சுத்து."

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆட்கள் கால் கடுக்க நிற்கிற வரிசையில், முந்திப் போகிறவன் அவர்களுடைய கண்ணுக்கு முன்னால்தான் போக வேண்டும். வெட்கமாவது படுவான், யாராவது ஏசவாவது ஏசுவார்கள். இங்கே காத்திருந்தவர்கள் படங்குக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு ராட்டினத்தின் தலை தெரிந்தது, வாசல் தெரியவில்லை. அந்தப் படங்கைக் கட்டியவன் ஸலாஹுதீன். அது அவனுக்கு விளங்கவும் செய்தது. விளங்கியும் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வெயில் சாய்ந்த பிறகுதான் ராத்தா பிள்ளைகளோடு வந்து இறங்கினா. ஸம்ஸியா அவர்களை முன்னால் விட்டுக் கூட்டி வந்தாள். இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருந்தது. சங்கிலியை அவனே கழற்றிப் பிடித்தான்.

"எங்குட மச்சான் இரிக்கக்குள்ள நமக்கென்ன வரிசை ராத்தா," என்றாள் ஸம்ஸியா. ஊரில் மனைவிமார் புருஷனை மச்சான் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு அவள் சொன்னதில் பூப்போட்ட கோப்பையின் சத்தம் கேட்டது. ஸலாஹுதீன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிறகு எத்தனை தரம் பல்லைக் கடித்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

ராட்டினம் மேலே போய்க் கீழே வந்தது. குணம் சிரித்துக்கொண்டு பிள்ளைகளுக்காக இன்னொரு தரமும் சுற்றினான். பாங்கு சொன்னது. ஜெனரேட்டர் நின்றது.

ஸலாஹுதீன் படங்குக்குள் போனபோது பெண்கள் எழுந்து நின்றார்கள். சுல்பிகா செருப்பைப் போட்டு, பிள்ளைக்குத் தலைத்துணியைச் சரிப்படுத்தி, கூப்பிடுவதற்குக் காத்து நின்றாள். இவ்வளவு கூட்டம், பாவம் நானா என்ன செய்வார் என்று பக்கத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ராத்தாவின் பிள்ளைகள் படங்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள்.

"சாச்சா! நீங்க சங்கிலியால விட்டீங்க தானே, எங்கள ரெண்டு தரம் சுத்தினாங்க! மேல இரிந்து பாத்தா கடல் முழுக்கத் தெரியுது!"

தூக்கிய படங்குக்கு அப்பால் ஸ்பெஷல் வாசல் தெரிந்தது. பெண்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள். ஒருத்தியும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது வாயில் வந்திருக்கும்.

அவன் முதலாளியிடம் ஓடினான். ஒரேயொரு சுற்று, ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று கெஞ்சினான். முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். "பாங்கு சொல்லிட்டே தம்பி. பள்ளிக்குக் குடுத்த வாக்கை மீறலாமா?" என்றுவிட்டுத் தொழப் போனார்.

திரும்பி வந்தபோது சுல்பிகா மட்டும் நின்றிருந்தாள். டோக்கனை அவனுடைய கையில் வைத்தாள். அட்டை வியர்வையில் ஊறிப் பஞ்சாகிக் கிடந்தது.

"நாங்க உங்கட முகத்தப் பாத்துத்தான் நானா இஞ்ச இரிந்தம்."

றிஸ்னா அழவில்லை. "எங்கட நம்பர இன்னும் கூப்பிடல்லயே உம்மா," என்று கேட்டுக்கொண்டே இழுபட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ராட்டினத்தைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். வீட்டுத் திட்டத்தில் குழாய் காற்றைத்தான் விட்டது. பவுசர் வரும் நேரமென்று சந்தியில் கேன்கள் வரிசையாக நின்றன, பக்கத்தில் பெண்களும் நின்றார்கள். ஸலாஹுதீனுக்கு வீட்டைவிட்டு வெளியே வர முகம் இல்லை. ஆனால் வெட்கப்படுகிறவன் வீட்டிலும் சோறாக்கத் தண்ணீர் வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வந்து, வரிசையின் கடைசியில் தன் கேனை வைத்தான்.

அவனுக்கு முன்னால் சுல்பிகாவின் கேன் நின்றது. அவள் அதைத் தூக்கி அவனுடைய கேனுக்குப் பின்னால் வைத்தாள். றிஸ்னா தன் சின்னப் போத்தலையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதற்கு முன்னால் நின்றவள் பார்த்தாள். அவளும் தூக்கிப் பின்னால் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள்.

"வேணாம்... என்ன செய்றீங்க... வேணாம்கா," என்றான் ஸலாஹுதீன்.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை. ஒவ்வொருத்தியும் தன் கேனைத்தான் தூக்கினாள். அவனுடையதை ஒருத்தியும் தொடவில்லை. கேன் வைத்த இடம் வைத்தவருடைய இடம். பவுசர் வந்து நின்றபோது, ஓர் அடி எடுத்து வைக்காமலே அவன் எல்லாருக்கும் முன்னால் நின்றான்.

சாரதி குழாயை நீட்டினான். ஸலாஹுதீன் குனிந்து கேனைப் பிடித்தான். குனிந்த தலையை நிமிர்த்த அவனால் முடியவில்லை. தண்ணீர் கேனின் வாயைத் தாண்டி, அவனுடைய காலை நனைத்து, காத்து நின்ற கேன்களின் பக்கமாக மண்ணில் ஓடியது.

"மாமா," என்றாள் றிஸ்னா, "நிரம்பிட்டு."