குளோரின் மச்சானும் பொண்ணு சோடிக்கிற பிரஷ்ஷும்

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் வாந்திபேதி பரவாமல் போனதற்கு ஒரே காரணம் மர்சூக் மச்சான். இது சரித்திரம். சரித்திரத்தை மச்சானே சொன்னார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் என் ராத்தா, அதாவது அக்கா, சுல்பிகாவின் மாப்பிள்ளை. கடல் வந்துபோன கையோடு வெளிநாட்டு நிறுவனமொன்று ஆள் சேர்த்தது. முன்னால் ஓரம் நீட்டிய வெள்ளைத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்து, கிணறு கிணறாகக் குளோரின் தூள் போட அனுப்பியது. வேலை முடிந்ததும் மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வயலுக்கும் கடைக்கும் போனார்கள். மச்சான் கழற்றவில்லை. ஐந்து வருஷம் போய், சண்டையும் முடிந்து, செக்பொயின்ட்டில் நின்ற சிப்பாய்களே ஆள் குறைந்துவிட்ட பிறகும் மச்சான் அந்தத் தொப்பியோடு கடமையில்தான் இருந்தார். என்ன கடமை என்று கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

மீதித் தூள் ஒரு டின்னில் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கட்டில் ராத்தாவுடையது. வீடும் ராத்தாவுடையது, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடிவருவார். டின் மட்டும் மச்சான் கொண்டுவந்த ஆதனம்.

அதே நிறுவனம் ராத்தாவுக்கும் உதவியது. அலையில் எங்கள் வீட்டின் பின்பாதி போயிருந்தது. அவர்கள் வந்து பார்த்து, குறிப்பெடுத்து, கூடிக் கதைத்து, கடைசியில் ஒரு மேக்கப் பெட்டி கொடுத்தார்கள். வாழ்வாதாரமாம். ஊரே சிரித்தது. பிறகு அந்தப் பெட்டிதான் எங்கள் அடுப்பை எரித்தது. நற்பிட்டிமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் பொண்ணு சோடிக்க ராத்தாவைத்தான் கூப்பிட்டார்கள்.

சண்டை முடிந்த வருஷம் கல்யாணங்கள் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன. பிரஷ் கழுவ ராத்தாவுக்கு நேரமில்லை. நிந்தவூரில் அவ சோடித்த பொண்ணு ஒருத்திக்குக் கன்னமெல்லாம் பரு. “சுல்பிகாட பிரஷ்ஷால வந்த பரு” என்ற கதை பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது.

அடுத்த ஞாயிறு அஸ்னாவின் கல்யாணம். அவளின் தாய் ஆயிஷா உம்மா வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டா.

“இஞ்ச பாரு மகள். ஞாயித்துக்கிழம காலையில உன்ட பிரஷ் எல்லாத்தையும் என்ட கண்ணுக்கு முன்னால வெள்ளச் சீலையில தேச்சுக் காட்டணும். இத்தினிக் காணக் கலர் பட்டாலும் அக்கரைப்பத்துக்காரிக்குக் கோல் எடுத்துருவன். கோவிக்காத.”

“ஓம் உம்மா,” என்றா ராத்தா.

பொண்ணு சோடிக்கிற இன்னொருத்தி அந்த அக்கரைப்பற்றுக்காரி. அவ வந்து இறங்கினாலே போதும். அவ ஏன் வந்தா என்று ஊர் கேட்கும், ஊரே பதிலும் சொல்லும். அதோடு ராத்தா பெட்டியைப் பூட்டவேண்டியதுதான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் வந்தபோது ராத்தா கிணற்றடியில் பேசினோடு உட்கார்ந்திருந்தா. அவவின் முறை மலிவானது. உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு அதில் பிரஷ்ஷைச் சுழற்றுவா. பழைய பவுண்டேசன் கரைந்து சேறாக வரும். பிறகு உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியில் தேய்ப்பா. ஸ்பொன்ஜ் என்றால் தண்ணீர் தெளியும்வரை பிசைந்து பிசைந்து பிழிவா. கடல் வந்ததிலிருந்து எங்கள் கிணறு உப்பு, சவுக்காரம் நுரைக்காது. அதனால் அலசுவதற்குக் குடத்தில் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீர். கடைசியில் கிளிப் போட்டுக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவா. நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் காம்புக்குள் இறங்கிப் பசை விட்டுவிடுமாம்.

மச்சான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பார்வையிட வந்தார்.

“எண்ணெய்ப் பிசுக்குக்கு எண்ணெயா? வீடு பத்தினா பெற்றோல் ஊத்துவியா புள்ள?”

“இது எண்ணெயில குழைச்ச சாமான். எண்ணெய்க்குத்தான் இளகும்.”

“ஆரு சொன்ன?”

“பிரஷ்ஷே சொன்னிச்சு. அதுக்குத் தொப்பி இல்ல, அதால கதைக்க நேரமிரிக்கு.”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “டேய் கெம்பஸ், நீ சொல்லு. வௌவாலப் போல தலகீழாத் தொங்கவிட்டா கிருமி கீழ விழுந்து கால் முறிஞ்சா சாகும்?”

நான் கெம்பஸில் படிப்பது பொருளியல். கிருமியின் கால் பாடத்திட்டத்தில் இல்லை என்று பணிவாகச் சொன்னேன்.

“குடிக்கிற தண்ணியும் வீண். நான் எண்டா இந்த எண்ணெய்க் கூத்துக்கு விரல் நுனியும் வெக்கமாட்டன். கல்முனைக் கிணறையெல்லாம் சுத்தமாக்கினவன்ட வீட்டுல, அல்லாஹ்வே, சவுக்காரக் கட்டி!”

ராத்தா உலை பார்க்க அடுப்படிக்குப் போனா. மச்சான் பிரஷ்ஷும் ஸ்பொன்ஜும் கிடந்த பேசினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். நான் பின்னால் போனேன். சரித்திரம் நடக்கும்போது சாட்சி வேண்டும்.

“ஒரு கிணத்துக்கு எவ்வளவு போட்டீங்க மச்சான்?”

“அது கிணத்தப் பொறுத்தது.”

“அப்ப ஒரு பேசினுக்கு?”

மச்சான் யோசித்தார். தூள் பழசு, வீரியம் குறைந்திருக்கும் என்று தீர்ப்புச் சொல்லி டின்னை அப்படியே கவிழ்த்தார். கிணற்று மருந்தைப் பேசினுக்குப் போட்டால் பிரஷ்ஷுக்குக் கிணற்றளவு சுத்தம் கிடைக்கும் என்பது அவர் கண்டுபிடித்த கணிதம்.

சனிக்கிழமை விடிய, பிரஷ் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. “பாத்தயா!” என்று ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் ஓட்டினார். பிரஷ்ஷின் முடி முழுக்க மச்சானின் தாடிக்குக் குடிபெயர்ந்தது. கையில் காம்பு மட்டும் நின்றது. ஸ்பொன்ஜைப் பிழிந்தார். அது புட்டு மாதிரி உதிர்ந்தது.

ராத்தா வாசலில் நின்று பார்த்தா. அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தா.

“நல்ல பிரஷ்ஷும் நல்ல ஸ்பொன்ஜும் இதுக்குள்ள இரிக்கு. டின்னோட வந்த மாப்பிள்ளைக்கிட்ட எல்லாத்தையும் வெளியில வெக்க நான் என்ன பைத்தியமா?”

மச்சான் தாடியில் ஒட்டியிருந்ததைத் தட்டிக்கொண்டு, “தூள் செஞ்ச கம்பனி சரியில்ல,” என்றார்.

ஆனால் பைக்குள் இருந்தவை இன்னும் கழுவாதவை. நிந்தவூர்ப் பொண்ணின் கன்னம் அதில் அப்படியே இருந்தது. ராத்தாவுக்கோ அஸ்னாவின் கைக்கு மருதோண்டி போடப் போகவேண்டும். பகல் லுஹருக்குப் போனால் இராத்திரி இஷா தாண்டித்தான் வருவா. அதற்குப் பிறகு கழுவினால் விடியக் காயாது.

“நான் கழுவுறன் ராத்தா,” என்றேன்.

“நீ தொடாத. உனக்குத் திங்கள் பரீட்ச.” மச்சானின் பக்கம் திரும்பாமலே, பையையும் எண்ணெய்ப் போத்தலையும் சவுக்காரத்தையும் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தா. “நாளைக்கு அக்கரைப்பத்துக்காரி வந்தா வரட்டும். வீட்டுல ஆம்புள ஒருவர் இரிக்கார்தானே, உழைச்சுப் போடுவார்.”

ஓட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டா.

மச்சான் சந்தித் தேநீர்க்கடைக்குப் போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு நான் போகும்போது அவரின் குரல் ரோட்டுக்கே கேட்டது. காலாவதியான தூளை நாட்டுக்குள் விட்டவர்களைக் கண்டித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவரும் வடைக்குக் காத்திருந்தவர்.

தொழுதுவிட்டு, பரீட்சைக்குப் படிக்க மனமில்லாமல் கொஞ்சம் சுணங்கி வீட்டுக்கு வந்தால், முன்வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்வேலிப் பக்கமாகச் சுற்றி வந்தேன்.

கிணற்றடியில் மச்சான். நான் வேலி மறைவிலேயே நின்றேன். சாரனை மடித்துக் கட்டி, துவைகல்லில் குந்தியிருந்தார். முன்வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கத்தில் அடுப்படியிலிருந்து வந்த குடிதண்ணீர்க் குடம், அரைவாசி காலி. உள்ளங்கையில் தேங்காயெண்ணெய். அதில் பிரஷ்ஷைச் சுழற்றினார். வேகமாக இல்லை, ராத்தா சுழற்றுவதுபோல. சேறு வந்தது. சவுக்காரத்தில் தேய்த்து அலசினார். ஸ்பொன்ஜ்கள் ஏற்கனவே பிழிந்து, கிணற்றுக் கட்டின் மேல் வரிசையாக இருந்தன.

தலையில் தொப்பி இல்லை. தொப்பி மடியில் இருந்தது. வெள்ளைச் சீலை கைக்கு அகப்படவில்லைபோலும். அலசிய பிரஷ்ஷை அதன் மேல் தேய்த்துப் பார்த்தார். ரோஸ் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி சவுக்காரம், மறுபடி தொப்பி. நிறுவனத்தின் பெயரெழுத்தெல்லாம் ரோஸும் மண்ணிறமுமாக, பொண்ணு சோடித்த மாதிரி இருந்தது. கடைசிப் பிரஷ் எதையும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் நம்பாமல் இன்னொருக்காத் தேய்த்தார்.

பிறகு எழும்பி, வேலிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கயிற்றில் காய்ந்த தன் சாரன் இரண்டையும் ஒதுக்கி இடம் எடுத்து, ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டார். எல்லாம் தலைகீழாக.